அருவியைத் தாங்கிய ஜம்பர்

தென்காசியில் கோயில் வாசல் காற்று நேராக வந்து மோதுகிற தெருவில் ஒரு தையல் கடை வைத்தேன். ஓலைக் கூரையில் ஆரம்பித்தேன், ஓடு போட்டேன், பிறகு மாடி எழுப்பினேன். ஒற்றை மிஷினை வாடகைக்கு எடுத்து மிதித்தவன், வரிசையாக மிஷின் போட்டு ஆட்களை உட்கார வைத்தேன். மேலகரம் போகிற வழியில் வீடு கட்டினேன். அந்த இடத்தில் தண்ணீர் வராது என்று சொன்னார்கள். பாறையை உடைத்துக் கிணறு வெட்டினேன். சொன்னவர்களே பிறகு வாளியோடு வந்து அந்தத் தண்ணீரை இறைத்துக்கொண்டு போனார்கள். பெண்பிள்ளைகளை எல்லாம் படிக்க வைத்தேன். ஒருத்தி வாத்திச்சியாக இருந்து ஓய்வும் பெற்றுவிட்டாள்.

இத்தனைக்கும் நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. ராயகிரியிலிருந்து மாற்று வேட்டி இல்லாமல் வந்தவன். அப்பா இல்லை, சொத்து இல்லை, கை தூக்கிவிட ஆள் இல்லை. இன்றைக்கும் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நான் எழுதியிருக்கிற இதில் இருந்த எழுத்துப் பிழைகளைப் பேத்தி திருத்தினாள். விஷயத்தில் கை வைக்க அவளை விடவில்லை.

இதெல்லாம் ஊருக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. நான் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான். உடம்பு கனத்த பெண்கள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குற்றாலம் பேரருவியின் கீழே நின்றாலும் கிழியாத, பிதுங்காத, பார்க்கவும் லட்சணமான ஜம்பர். ரவிக்கையை அப்போது எங்கள் பக்கம் ஜம்பர் என்றுதான் சொல்வோம். அதை உண்டாக்கியவன் நான். ஆனால் தென்காசியில் யாரைக் கேட்டாலும் என் வீட்டுக்காரியைத்தான் காட்டுவார்கள். கடைக்கே 'ஆச்சி கடை' என்று பெயர் ஆகிவிட்டது. அது எப்படி ஆனது என்று சொல்கிறேன்.

அவள் சுரண்டைக்காரி. ஐம்பதுகளின் தொடக்கத்தில் பெண் பார்க்கப் போனோம். "பொண்ணு கொஞ்சம் பூரிப்பு" என்று தரகர் முதலிலேயே சொல்லி வைத்திருந்தார். காப்பித் தம்ளரோடு அவள் வாசல் நிறைய வந்தாள். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. நானோ அப்போது கொடியில் காயப் போட்ட சட்டை மாதிரி இருப்பேன். உள்ளே ஆள் இருக்கிறதா என்று தட்டித்தான் பார்க்க வேண்டும்.

என்னோடு வந்த தாய்மாமா காதருகே குனிந்து, "ஏலே, இவ தும்முனா நீ பறந்துருவலே" என்றார்.

"பறந்தா பறக்குதேன் மாமா. நீங்க பேசி முடிங்க" என்றேன்.

கல்யாணம் முடிந்து தென்காசி வந்தவள் என்னிடம் நகை கேட்கவில்லை, பட்டுச்சேலை கேட்கவில்லை. ஒன்றுதான் கேட்டாள். "சீசனுக்குச் சீசன் அருவிக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?" சுரண்டைப் பக்கம் கரிசல் வெயில். அங்கேயிருந்து வந்தவளுக்குக் குற்றாலம் பக்கத்தில் இருப்பதுதான் என்னிடம் இருந்த பெரிய சொத்தாகத் தெரிந்திருக்கிறது.

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் கூட்டிக்கொண்டு போனேன். பேரருவியில் பெண்களுக்குத் தனிப் பக்கம். நான் மாற்றுச் சேலை மூட்டையோடு மரத்தடியில் காத்திருப்பேன். அவள் போனால் லேசில் வரமாட்டாள். வரும்போது கண் சிவந்து, உதடு வெளுத்து, பல் தந்தியடிக்கச் சிரித்துக்கொண்டு வருவாள். முதல் வருஷம் தலையைத் துவட்டிக்கொண்டே ஒன்று சொன்னாள்.

"அருவிக்குள்ள நின்னா எனக்கு ஒடம்பே இல்லாத மாதிரி இருக்குங்க."

அப்போது அதை ஏதோ குளிர்ந்த சந்தோஷத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். வெளியே இருக்கும்போது தன் உடம்பை ஒரு நிமிஷமும் மறக்க முடியவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

மறக்க விட்டால்தானே! கடைக்கு வாரப் பத்திரிகை ஒன்று வரும். முன்பக்கத்தில் டானிக் விளம்பரம். இடது பக்கம் விலா எலும்பு தெரிய ஒருவன், வலது பக்கம் அவனே டானிக் குடித்துத் தோள் புடைத்து நிற்பான். இடது பக்கத்துக்காரன் என் மாதிரியே இருந்ததால் நானும் வாங்கிக் குடித்துப் பார்த்தேன். வாய் கசந்ததுதான் மிச்சம். "இதுக்கு எதுக்குக் காசு? எங்கிட்ட உள்ளதுல கொஞ்சம் எடுத்துக்கிடுங்க" என்பாள் அவள். அதே பத்திரிகையில் நான்கு தாளைத் திருப்பினால் குண்டு மனைவி ஜோக்கு. மனைவி பூரிக்கட்டையோடு நிற்பாள், புருஷன் கட்டிலுக்கடியில் இருப்பான். ஒல்லியாக இருக்கிற என்னை ஊதச் சொல்கிறவர்களே ஊதியிருக்கிற அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். எந்த உடம்பைத்தான் இவர்கள் சும்மா விடுவார்கள் என்று இருக்கும்.

சினிமாக் கொட்டகையும் அப்படித்தான். கதாநாயகி ஒன்றும் நூல்கண்டு இல்லை. நல்ல தாட்டியாகத்தான் வருவாள். அவள் ஆடினால் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். அதே தாட்டியில் இன்னொருத்தி சிரிப்புக்காகவென்று வந்து, எலும்பன் ஒருவன் மேல் விழுவாள். கொட்டகையே உருளும். முன்பெஞ்சுக்காரர்கள் நாங்கள் உட்கார்ந்திருக்கிற பக்கம் திரும்பி, அந்த ஜோடி இங்கேயும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கொஞ்ச நாளில் அவளுக்குச் சினிமா பார்க்கிற அன்று மட்டும் தலைவலி வர ஆரம்பித்தது.

இப்போது ஜம்பர் விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் பெண்கள் தையல் கடையில் நின்று அளவு கொடுப்பது கிடையாது. அளவுக்கென்று ஒரு பழைய ஜம்பரைக் கொடுத்து அனுப்புவார்கள். அதை விரித்து வைத்துக்கொண்டு அதே போலத் தைக்க வேண்டும். ஒல்லியானவர்களுக்கு இதில் வில்லங்கம் இல்லை. கனத்தவர்கள் மட்டும் இப்போது போடுகிற ஜம்பரை அனுப்ப மாட்டார்கள். கல்யாணத்துக்குத் தைத்தது, இல்லாவிட்டால் தங்கச்சியுடையது என்று சின்னதாக ஒன்றைத் தேடி எடுத்து, "இதே மாதிரி, ஒரு விரக்கடை மட்டும் கூட்டி" என்று சொல்லி அனுப்புவார்கள். நாங்கள் ஒரு விரக்கடை கூட்டுவோம். போட்டால் மூச்சு முட்டும். தையல்காரனுக்குத் தொழில் தெரியவில்லை என்பார்கள்.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்றால், அந்த ஜம்பர் ஆண்கள் உட்கார்ந்திருக்கிற கடையில் விரியும். எங்கள் கட்டிங் மாஸ்டர் என்னைவிட மூத்தவர், கை சுத்தமான ஆள். வாய்தான் நிற்காது. பெரிய ஜம்பராக வந்துவிட்டால் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கி, "வே, அந்த முனையப் பிடியும். பந்தல் போட்டுருவோம்" என்பார். டேப்பை வைத்து அளந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி எண்ணைச் சொல்லுவார். அப்போது எங்கள் குடித்தனம் கடைக்குப் பின்பக்கம்தான். நடுவில் ஒரு மூங்கில் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரி காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். ஒன்று விடாமல் அவள் காதில் விழும்.

அதனால் கட்டின புருஷன் தையல்காரனாக இருந்தும் எனக்கும் அவள் அளவு தரவில்லை. கல்யாண ஜம்பரைத்தான் எடுத்து நீட்டினாள்.

"ஏட்டி, இது நீ மணவறையில போட்டிருந்தது."

"அதுக்கென்ன? மணவறையில இருந்ததும் நாந்தானே."

தென்காசியிலேயே இறுக்கமான ஜம்பர் போட்டவள் தையல்காரன் பெண்டாட்டிதான்.

அந்தச் சமயத்தில் பத்திரிகையில் குற்றாலத்தை வைத்து ஒரு கேலிப் படம் வந்தது. பேரருவிக்குக் கீழே ஒரு குண்டம்மா நிற்கிறாள். அவளைத் தாண்டி ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பக்கத்தில் வாளியோடு நிற்கிற ஒல்லிப்பிச்சான் ஒருவன், அருவி நின்றுவிட்டதே என்று வானத்தைப் பார்க்கிறான். பக்கத்துக் காப்பிக் கடைக்காரர் அதைக் கத்தரித்து, சோறு பிசைந்து ஒட்டி, சுவரில் பதித்துவிட்டார். அவர் வயிறு கல்லாப் பெட்டிக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கும். ஆம்பிளை வயிற்றை யாரும் கேலிப் படம் போடுவதில்லை. அதற்குப் பெயர் செழிப்பு.

"எதுக்கு வே இத ஒட்டிருக்கீரு?" என்று கேட்டேன்.

"நம்ம குத்தாலம் புஸ்தகத்துல வந்திருக்குல்லா அண்ணாச்சி!" என்றார். அவருக்கு அதில் ஊர்ப்பெருமை. கெட்ட எண்ணம் கிடையாது. காப்பி குடிக்க வருகிறவன் எல்லாம் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் தம்ளரைத் தொடுவான். சாரல் முடிவதற்குள் ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் படம் பாடம்.

அந்த சீசனிலும் அருவிக்குப் போனோம். நான் வழக்கம்போல மரத்தடியில். அன்றைக்கு அவள் போன கொஞ்ச நேரத்திலேயே திரும்பி வந்தாள். ஈரச் சேலைக்கு மேலே யாருடைய துண்டையோ போர்த்தி, அதை இரண்டு கையாலும் கழுத்தோடு பிடித்திருந்தாள். தலை குனிந்திருந்தது. அருவிக்கடியில் இருக்கிற கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கியிருக்கிறாள். அக்குளிலிருந்து இடுப்பு வரைக்கும் ஜம்பர் கிழிந்துவிட்டது. கொக்கிகள் தெறித்துப் போயின. பின்னால் பெண்கள் சிரிப்பு. அதில் ஒருத்தி சத்தமாகச் சொன்னது எனக்கே கேட்டது: "புஸ்தகத்துல போட்டிருந்தானே, அதே மாதிரில்லா அருவிய அடைச்சுக்கிட்டு நின்னா!"

வண்டியில் வரும்போது நான் பேச்சுக் கொடுத்தேன். மேலகரம் தாண்டியதும், "இனிமே என்னய அருவிக்குக் கூப்பிடாதீங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேற்றியிருப்பேன்.

வீட்டில் அந்த ஜம்பரை விரித்துப் பார்த்தேன். இதை இங்கே பதிய வைக்க வேண்டும்: துணிதான் கிழிந்திருந்தது, என் தையல் ஒரு கண்கூட விடவில்லை.

அடுத்த வருஷம் சாரல் வந்தது. வண்டி வண்டியாக ஜனம் குற்றாலம் போனது. அவள் வீட்டுக்குள் பிச்சிப்பூ தொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூ தொடுப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. அக்கம்பக்கத்துக்கு எல்லாம் அவள் கைப் பூதான். முன்பெல்லாம் முதல் சாரலுக்கு வாசலில் போய் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அந்த வருஷம் துணி காயவில்லை என்று சாரலைத் திட்டினாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அதற்கடுத்த வருஷமும் அப்படியே போய்விடும் போல இருந்தது. இவளை மறுபடியும் அருவிக்கடியில் நிறுத்தாவிட்டால் நான் கத்தரி பிடித்து என்ன பிரயோஜனம் என்று மனதுக்குள் விழுந்துவிட்டது.

யோசிக்க ஆரம்பித்தேன். ஜம்பர் கிழிவது உடம்பினால் இல்லை, கையைத் தூக்குவதால். கை தூக்குகிறபோது அக்குளில் துணி போதவில்லை. பெரிய உடம்புக்குத் தைக்கிற எல்லாரும் என்ன செய்கிறார்கள்? சுற்றளவைக் கூட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் நெல்மூட்டைக்குச் சாக்கு மாட்டினது போல ஆகிவிடும். அப்போதும் கை தூக்க வராது. எனக்குப் பட்டாபட்டி டவுசர் ஞாபகம் வந்தது. ராயகிரியில் வயல் வேலைக்காரர்களுக்கு அதைத் தைத்துத்தான் நான் தொழில் பழகினேன். இரண்டு கால் சேருகிற இடத்தில் ஒரு சதுரத் துண்டைக் குறுக்காக வைத்துத் தைப்போம். குந்தினாலும் தாண்டினாலும் கிழியாது. அந்தத் துண்டை அக்குளில் வைத்தால் என்ன?

கட்டிங் மாஸ்டரிடம் சொன்னேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஜம்பருக்கு டவுசர் துண்டா? அண்ணாச்சி, அடுத்தாப்ல வேட்டிக்குக் காலர் வைப்பீரோ?"

"வைக்கச் சொன்னா வைப்பேன். நீரு ஒம்ம சோலியப் பாரும்."

துண்டு சரி, அளவு? அவளிடம் போனேன்.

"அருவிக்குன்னே ஒரு ஜம்பர் தச்சுத் தாரேன். அளவு மட்டும் குடுட்டி."

"டேப்ப எடுத்துட்டு வந்தீங்கன்னா கிணத்துல போட்டுருவேன்."

"எண்ண யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

"ஒங்களுக்குத் தெரியும்லா? அது போதாதா?"

எனக்குச் சுருக்கென்றது. கடைக்காரர்களிடம் மட்டும் இல்லை, என்னிடமும்தான் கூச்சப்படுகிறாள். அப்போதுதான் என் படிப்பில்லாத புத்தி கை கொடுத்தது. நான் ஆரம்பத்திலிருந்தே டேப்பில் எண் பார்த்து வெட்டியவன் இல்லை. நூலைப் பிடித்து அளப்பேன், அந்த நூலையே துணிமேல் வைத்து வெட்டுவேன். டேப் எல்லாம் கட்டிங் மாஸ்டரோடு வந்த நாகரிகம்.

"எண்ணே வேண்டாம்ட்டி. நூல் போதும். நீயே கதவச் சாத்திக்கிட்டு அளந்து, அறுத்துக் குடு. எனக்கும் தெரியாது, ஒனக்கும் தெரியாது, எத்தனைன்னு."

மறுநாள் காலையில் என் மிஷின் சக்கரத்தில் வாழைநார் தொங்கியது. நூலைத் தேடியிருக்க மாட்டாள். அவள் கையில் எப்போதும் இருப்பது பூ தொடுக்கிற நார்தானே. நான்கு நார்கள். எது எதற்கென்று தெரிய வேண்டுமே, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பூ கட்டியிருந்தாள். மார்புக்குப் பிச்சி, இடுப்புக்குக் கனகாம்பரம், கைக்கு மரிக்கொழுந்து, முதுகுக்குத் துளசி. தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாய்வார்த்தையாக இதைச் சொல்லிவிட்டு, அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

கையில் எடுத்தால் கனமே இல்லை. இதைத் தருவதற்கு அவளுக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. நார் காய்ந்து சுருண்டுவிடுமே என்று இஸ்திரிக்குத் தெளிக்கிற தண்ணீரில் போட்டு வைத்து, பூ வாடுவதற்குள் வெட்டி முடித்தேன்.

துணி அரக்கு நிறத்துப் பாப்ளின்; நனைந்தாலும் உடம்பு தெரியாது. வெட்டுவதற்கு முன்னால் நனைத்துக் காயவைத்து அதன் சுருக்கத்தை எல்லாம் வாங்கிவிட்டேன். அக்குளில் சதுரத் துண்டு, குறுக்காக. கொக்கி வருகிற இடத்தில் உள்ளே இரட்டைப் பட்டி. கையோரத்தில் பச்சைக் கரை வைத்தேன். அருவிக்குத்தானே, கரை எதற்கு என்று கட்டிங் மாஸ்டர் கேட்டார். கனத்தவர்களுக்குத் தைக்கும்போது மறைத்தால் போதும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். மறைப்பதற்குச் சாக்கு போதும், தையல்காரன் எதற்கு?

போட்டுக்கொண்டு வந்து நின்றாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "கிணத்துல தண்ணி எறச்சுப் பாரு" என்றேன். கடைக்குப் பின்னால் உருளைக் கிணறு. கயிற்றை எட்டிப் பிடித்து இழுத்தாள். கை தலைக்கு மேலே போனது. ஜம்பர் கூடவே போய், கூடவே வந்தது. குடம் நிறைந்தது. அவள் நிறுத்தவில்லை. அண்டா நிறைந்தது, தொட்டி நிறைந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் தண்ணீர் வைக்கப் பாத்திரம் இல்லை.

அதன்பிறகும் அருவி என்று நான் வாயெடுக்கவில்லை. நல்ல சாரல் அடித்த ஒரு காலையில் அவளே வந்து தட்டிக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"வண்டி வரச் சொல்லுங்க."

"எங்கட்டி?"

"ஆங், ஆய்க்குடிக்கு. கேக்காரு கேள்வி!"

பேரருவியில் அன்றைக்குத் தண்ணீர் கொட்டிய கொட்டில், பேசினால் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அவள் பெண்கள் பக்கம் போனாள். நான் மரத்தடியில் மூட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையிலேயே பெரிய தையல் அந்தப் பாறைக்குப் பின்னால் சோதனையில் இருக்கிறது, எட்டிப் பார்க்க முடியாது. போனவள் வரவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினேன், தண்ணீர்தான் கேட்டது. கிழிந்து, துண்டு கேட்டு, வெட்கப்பட்டு உள்ளேயே நிற்கிறாளோ என்று ஒரு நினைப்பு. என் தையலை நானே சந்தேகப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

வந்தாள். கண் சிவந்து, உதடு வெளுத்து, பல் தந்தியடிக்க. அரக்கு ஜம்பர் தோளில் ஒட்டிக் கிடந்தது, பச்சைக் கரையோடு. இழுவை இல்லை, பிதுக்கம் இல்லை. பின்னாலேயே மூன்று பெண்கள் ஈரம் சொட்டச் சொட்ட வந்தார்கள். மூன்று பேருமே நல்ல கனம். அதில் ஒருத்தி காப்பிக் கடைக்காரர் சம்சாரம்.

"ஏக்கா, நில்லுங்கக்கா. கையத் தூக்குங்க பாப்போம். எம்மா! இது எங்க தச்சது? யாரு தச்சா?"

என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் மூட்டையைக் கீழே வைத்து, துண்டைத் தோளில் சரிசெய்து தயாராக நின்றேன். அவள் அந்தப் பெண்கள் பக்கம் திரும்பினாள்.

"நாந்தான்" என்றாள்.

"நீங்களேவா வெட்டுனீங்க?" "ஆமா." "எனக்கும் ஒண்ணு தச்சுத் தாங்கக்கா." "அதுக்கென்ன, ராத்திரிக்கு நாரு குடுத்து விடுதேன். எப்பிடி அளக்கணும்னும் சொல்லுதேன்." சர்வ சாதாரணமாகப் பேசிக்கொண்டு நிற்கிறாள், நான் பக்கத்திலேயே மரம் மாதிரி.

வண்டி ஏறியதும் கேட்டேன். "ஏட்டி, நீயா தச்ச?"

"நீங்கன்னு சொன்னா ஒருத்தியாவது நாரு தருவாளா? கட்டுன பொண்டாட்டி எனக்கே கூச்சமா இருந்துச்சு. ஊரு பொம்பளைங்க அளவ ஊரு ஆம்பள கையில குடுப்பாளுகளா?"

"அப்ப என் பேரு?"

"பேர வச்சு என்ன செய்யப் போறீங்க? அவளுக பாவம், மூச்சு முட்டிச் சாகுதாளுக."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி பேசினாள். "இன்னைக்கு உள்ள போனதும் மறந்தே போச்சுங்க." எதை மறந்தாள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அதற்கு மேல் சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. அப்படித்தான் நான் ஒத்துக்கொண்டேன். பெரிய மனது வேண்டும், எனக்கு இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை ஊர் பார்த்தது. பின்வாசல் வழியாகப் பெண்கள் வருவார்கள். இவள் நார் கொடுத்து அனுப்புவாள். பூக்கட்டி நார் திரும்பி வரும். பெயர் கிடையாது, எண் கிடையாது. எந்த வீட்டு நார் என்று இவளுக்கு மட்டும் தெரியும், எனக்குத் தெரிய விடமாட்டாள். மத்தியானம் கடைத்தெரு கண் அயர்கிற நேரத்தில் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து நான் வெட்டுவேன். சாயங்காலம் முன்பக்கம் வந்து, ஆண்களுக்குச் சட்டை தைக்கிறவனாக உட்கார்ந்துகொள்வேன். கடையில் யாரும் அளவை வாய்விட்டுச் சொல்லக்கூடாது, நான் வெட்டுவதை வெளியே விடவும் கூடாது என்று சட்டம் போட்டேன். ஆய்க்குடி, சுரண்டை, செங்கோட்டையிலிருந்தெல்லாம் நார் வந்தது. ஒருநாள் கட்டிங் மாஸ்டர் சம்சாரத்தின் நாரும் வந்திருக்க வேண்டும்; பந்தல் பேச்சு அதோடு நின்றது. இவள்தான் அவர் காதில் போட்டிருப்பாள் என்று நினைக்கிறேன், என்னிடம் ஒத்துக்கொண்டதில்லை.

காப்பிக் கடைச் சுவரில் இருந்த படத்தைக் கடைக்காரர் சம்சாரமே சுரண்டி எடுத்துவிட்டாள். சோற்றுப் பசை தடம் மட்டும் நெடுநாள் இருந்தது. அவர் ஒருநாள் எனக்குக் காப்பி ஆற்றிக்கொண்டே சொல்கிறார்:

"அண்ணாச்சி, ஒம்ம வீட்டு ஆச்சி கை கையில்ல, பொன்னு. என் வீட்டுக்காரி இப்பந்தான் சிரிச்ச மூஞ்சியா கோயிலுக்குப் போறா. நீரும் இருக்கீரே, இந்தச் சட்டைப் பொத்தானக்கூட ஒழுங்கா வைக்கல."

அவர் வயிற்றுக்கு எந்தப் பொத்தான் நிற்கும்? அந்தக் காப்பியை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து சொன்னால் இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

அறுபதுகளில் புது மோஸ்தர் வந்தது. பத்திரிகைகளில் குச்சிக் குச்சியாகப் பெண்களை வரைந்து, பஃப் கை, படகுக் கழுத்து என்று போட்டார்கள். ஒரு பிச்சிப்பூ நாரோடு 'பஃப் வைத்து' என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள், நல்ல நீளமான நார். பஃப் வைத்தால் கை இன்னும் பெரிதாகத் தெரியுமே என்று நான் தயங்கினேன்.

"ஆச என்ன ஒல்லியா இருக்கவளுக்கு மட்டுமா வரும்?" என்றாள் இவள். "வச்சுக் குடுங்க."

வைத்தேன். தோளில் சுருக்கத்தைக் குறைத்து, உயரத்தைக் கொஞ்சம் கூட்டி, கனத்த கைக்கென்று தனியாக ஒரு பஃப் கண்டுபிடித்தேன். அதுவும் என்னுடையதுதான். அந்த வருஷம் கோயில் திருவிழாவில் தேர் பார்க்க வந்த கூட்டத்தில் என் பஃப் கைகள் பளிச்சென்று தெரிந்தன. எங்கே பார்த்தாலும் ஆச்சியின் கைவண்ணம் என்றுதான் பேச்சு.

சினிமாவுக்கும் மறுபடி போனோம். சிரிப்பு ஜோடி வந்ததும் முன்பெஞ்சு வழக்கம்போலத் திரும்பியது. இவளும் அவர்களோடு சேர்ந்து பின்னால் திரும்பி, யாரைப் பார்க்கிறார்கள் என்று தேடினாள். தேடிவிட்டு என்னிடம், "யாரையும் காணோமேங்க" என்றாள். முன்பெஞ்சுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு திரைப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

இப்போது எதற்காக இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன் என்றால், பிள்ளைகள் கடைக்குப் புதுப் பலகை வைக்கிறார்கள். நடுவில் அவள் படம், பெரிதாக, அரக்கு ஜம்பரோடு. கீழே, பெரிய அளவு ஆடைகளை இந்தப் பக்கத்தில் முதன்முதலாகத் தைத்தவர் என்று. வெளியூரிலிருந்து ஒரு பெண் வந்து அவளிடம் பேசி, பத்திரிகையிலும் போட்டிருக்கிறாள். முன்பு பூரிக்கட்டையோடு போட்டுச் சிரித்த இடத்தில் இப்போது மரியாதையாகப் போடுகிறார்கள், சந்தோஷம். எழுத்துக் கூட்டிக் கடைசி வரை படித்தேன். என்னைப் பற்றி ஒரு வரி: 'இவருடைய கணவரும் தையல் தொழில் தெரிந்தவர்.'

தெரிந்தவர்!

அவளிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "உள்ளதத்தான் போட்டிருக்கா" என்கிறாள். இந்த வயதிலும் அதே சிரிப்பு. "அன்னைக்கே வண்டியில பேசி முடிச்சதுதானே?"

பேசினது நார் வருவதற்காக. நார் வந்தாயிற்று. கொடுத்தவர்கள் எல்லாம் பாட்டி, பூட்டிகளாகிவிட்டார்கள். இனிமேல் யாருக்கு யாரிடம் கூச்சம்? அதனால் பலகை எழுதுகிற பிள்ளைகளுக்கும், பத்திரிகையில் எழுதின அந்தப் பெண்ணுக்கும், நார் கொடுத்த தாய்மார்களுக்கும் சொல்கிறேன். நார் அவளுடையது. பூ அவளுடையது. துணிந்து போய் அருவியில் நின்றது அவள். 'நாந்தான்' என்று சொன்ன பொய்யும் முழுக்க அவளுடையது. அதில் எல்லாம் நான் பங்கு கேட்கவில்லை. எண் வேண்டாம் நூல் போதும் என்றது நான். அக்குளில் சதுரத் துண்டு வைத்தது நான். பலகையில் அவள் படத்துக்குப் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் விட்டு, இதை எழுத வேண்டும். நான் ஒல்லி, ரொம்ப இடம் பிடிக்காது.